விழுப்புண்ணும் வீட்டாரும்: செர்வாண்டிஸ் குடும்பத்தின் கதை

போர்க்களத்தில் முகத்திலும் மார்பிலும் ஏற்ற புண்ணை விழுப்புண் எனப் போற்றிய தமிழ் மரபு, புண்பட்டவன் வீடு வந்து சேர்ந்த பின் நிகழ்வதையும் மறந்துவிடவில்லை. புண்பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் அணுகாதபடி மனைவி காத்து நிற்பதைத் தொல்காப்பியம் தொடாக்காஞ்சி என்னும் துறையாகவே வகுத்துள்ளது. வீட்டில் வேப்பிலை செருகுவதும், வெண்கடுகு தூவுவதும், காஞ்சி பாடுவதும் புறநானூற்றில் இடம்பெறுகின்றன. இந்தத் துறைக்குள் அடக்கத்தக்க வாழ்வொன்று பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினில் வாழப்பட்டது. அங்கே புண்பட்டவர் 'டான் குவிக்சாட்' என்னும் நாவலை எழுதிய மிகேல் தெ செர்வாண்டிஸ். காத்து நின்றவர்கள் அவருடைய தாயும் தமக்கையும் தங்கையும்.

செர்வாண்டிசைப் பற்றி எழுதுவோர் அவருடைய இடக்கையைப் பற்றி எழுதாமல் விடுவதில்லை. 'லெபாண்டோவின் கையிழந்தவர்' என்பது ஸ்பானிய மக்கள் அவருக்கு வழங்கிவரும் பெயர். ஆனால் அந்தப் புண்ணுக்கான விலையைக் கொடுத்தவர்கள் யார் என்னும் கேள்விக்கு விடை, அவரே மன்னருக்கு எழுதிய விண்ணப்பம் ஒன்றில் இருக்கிறது. செவில் நகரில் உள்ள இந்தியத் தீவுகளின் ஆவணக் காப்பகத்தில் பேணப்படும் அந்த விண்ணப்பம் 1590 மே 21ஆம் நாளிட்டது. லெபாண்டோவில் காயமுற்றதையும் அல்ஜியர்சில் அடிமையாக இருந்ததையும் கூறும் அவர், தம்மையும் தம் தம்பியையும் மீட்பதற்காகப் பெற்றோரின் சொத்து முழுவதும், மணமாகாத இரு சகோதரிகளின் சீதனமும் செலவாகிவிட்டன என்றும், உடன்பிறந்தாரை மீட்டதனால் அப்பெண்கள் வறியராயினர் என்றும் அதில் தெரிவிக்கிறார். வேலை கேட்டு எழுதிய மனுவில் ஒரு போர்வீரர் தம் சகோதரிகளின் வறுமையைத் தம் சேவைக் கணக்கில் சேர்த்து எழுதியிருப்பது கவனத்திற்குரியது.

அந்தக் குடும்பம் செல்வக் குடும்பமன்று. தந்தை ரொட்ரிகோ தெ செர்வாண்டிஸ் ஓர் அறுவை வைத்தியர். இன்றைய பொருளில் அன்று. குருதி வடித்தல், எலும்பு பொருத்துதல், காயங்களுக்கு மருந்திடுதல் ஆகியவையே அக்காலத்து அறுவை வைத்தியரின் தொழில். பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற மருத்துவர்களுக்குப் பல படிகள் கீழே வைத்து எண்ணப்பட்டவர் அவர். காது கேளாதவர் என்றும் கூறுவர். 1552இல் கடனுக்காக வல்லதோலித் நகரச் சிறையில் அடைக்கப்பட்டார். தாய் லியோனோர் தெ கோர்டினாஸ். மிகேல் 1547இல் அல்காலா தெ எனாரெஸ் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வாண்டு அக்டோபர் 9 அன்று திருமுழுக்குப் பெற்றார். அவருக்கு மூத்தவர்கள் ஆந்திரேயாவும் லூயிசாவும். இளையவர்கள் ரொட்ரிகோ, மக்தலேனா, ஹுவான். லூயிசா இளமையிலேயே அல்காலாவில் உள்ள கார்மேல் சபைக் கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டார்.

1569இல் மிகேல் ஸ்பெயினை விட்டு இத்தாலிக்குச் சென்றார். அவ்வாண்டு செப்டம்பரில் மாட்ரிட்டில் பிறப்பிக்கப்பட்ட ஆணையொன்று, ஒருவரைக் காயப்படுத்திய குற்றத்திற்காக மிகேல் தெ செர்வாண்டிஸ் என்பவரின் வலக்கையைத் துண்டிக்க வேண்டும் எனக் கூறுகிறது. அவர் இவர்தாமா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்த கருத்துடையவர் அல்லர். அவர் இவரே எனில், சட்டம் கேட்ட கை தப்பியது, போர் கேட்ட கை போயிற்று என்றுதான் கொள்ள வேண்டும்.

1571 அக்டோபர் 7ஆம் நாள், கிரேக்கக் கரையோரத்தில் லெபாண்டோ கடற்போர் நடைபெற்றது. ஸ்பெயின், வெனிஸ், போப்பாண்டவர் ஆகியோரின் கூட்டுக் கடற்படை உதுமானியக் கடற்படையை எதிர்த்தது. ஒவ்வொரு தரப்பிலும் இருநூறுக்கு மேற்பட்ட துடுப்புக் கப்பல்கள். செர்வாண்டிஸ் 'மார்கேசா' என்னும் கப்பலில் இருந்தார். அன்று அவருக்குக் கடுங்காய்ச்சல். கீழ்த்தளத்தில் படுத்திருக்குமாறு தலைவரும் நண்பர்களும் கூறியதை ஏற்க மறுத்து, அவர் கப்பலின் சிறுபடகு இருந்த பகுதியில், ஆபத்து மிகுந்த இடத்தில், பன்னிருவரோடு நின்று போரிட்டார். மார்பில் இரு குண்டுகளும் இடக்கையில் ஒரு குண்டும் பாய்ந்தன. இவை பிற்காலத்துப் புனைவுகள் அல்ல. 1578இல், மகன் சிறைப்பட்டிருந்தபோது, தந்தை ரொட்ரிகோ அதிகாரிகள் முன் சாட்சிகளை நிறுத்தி மகனின் சேவையைப் பதிவு செய்வித்தார். உடன் போரிட்ட வீரர்கள் அங்கே சொன்ன வாக்குமூலங்களே இச்செய்திகளுக்கு ஆதாரம். மகனின் வீரத்தை அதிகாரிகள் முன் பதிவு செய்வித்தவர் தந்தையே.

மெசினா நகர மருத்துவமனையில் அவர் பல மாதங்கள் கிடந்தார். கை துண்டிக்கப்படவில்லை, ஆனால் பயனற்றுப் போயிற்று. 1572இல் மீண்டும் படையில் சேர்ந்து, அடுத்த ஆண்டு தூனிஸ் படையெடுப்பிலும் பங்குகொண்டார். தம்பி ரொட்ரிகோவும் படைவீரரே.

1575 செப்டம்பரில் அண்ணனும் தம்பியும் நேப்பிள்சிலிருந்து 'சோல்' என்னும் கப்பலில் தாயகம் திரும்பினர். 26ஆம் நாள், கத்தலோனியக் கரைக்கு அண்மையில், அல்ஜியர்ஸ் கடற்கொள்ளையர் அக்கப்பலைப் பிடித்தனர். மிகேலின் பையில் படைத்தலைவர் டான் ஜுவானும் செஸ்ஸா பிரபுவும் மன்னருக்கு எழுதிய பரிந்துரைக் கடிதங்கள் இருந்தன. ஊனமுற்ற வீரனுக்கு நல்லதொரு பதவி கிடைக்க வேண்டும் என்பதற்காகக் கொடுக்கப்பட்ட அக்கடிதங்கள்தாம் அவருக்கு விலங்காயின. இத்துணைப் பெரியோரின் கடிதங்களை வைத்திருப்பவன் பெருங்குடியில் பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும் எனக் கருதிய கொள்ளையர் தலைவன் அவருக்கு ஐந்நூறு பொன் எஸ்குடோ விலை வைத்தான். அல்காலா அறுவை வைத்தியரின் மகனுக்கு அது மிகப் பெரிய விலை.

இனி மாட்ரிட்டில் நடந்தவற்றைக் காண வேண்டும். அல்ஜியர்சில் செர்வாண்டிஸ் நான்கு முறை தப்ப முயன்றார், நான்கு முறையும் அகப்பட்டார், பழியைத் தாமே ஏற்றுத் தோழர்களைக் காத்தார் என்பது பலரும் எழுதியுள்ள வீரக்கதை. அதே ஐந்தாண்டுகளில் அவருடைய தாய் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய கதை அவ்வளவாக எழுதப்படவில்லை. 1576இல் லியோனோர் சிலுவைப் போர் மன்றத்திடம் மகன்களை மீட்க உதவி கோரினார். அறுபது டூக்கட் கிடைத்தது. அந்த மனுவில் அவர் தம்மைக் கைம்பெண் எனக் குறிப்பிட்டிருந்தார். கணவர் ரொட்ரிகோ அப்போது உயிரோடு இருந்தார்! கைம்பெண்ணின் மனுவுக்கு அதிகாரிகள் சற்று விரைவாகச் செவிசாய்ப்பர் என்பது அவருடைய கணக்காக இருக்கலாம். ஒரு புறம் தந்தை மகனுக்காகச் சாட்சிகளைத் திரட்டுகிறார். மறு புறம் அவர் இறந்துவிட்டதாகத் தாய் எழுதித் தருகிறார். இருவருடைய நோக்கமும் ஒன்றே. கட்டிய கணவன் இருக்கக் கைம்பெண் என்று எழுதித் தருவது எளிய செயலன்று. அதனை ஏமாற்று என்று மட்டும் எழுதிக் கடந்து செல்பவர்கள் அந்தத் தாயை அறியாதவர்கள்.

1577இல் குடும்பம் திரட்டிய பணம் இருவரை மீட்கப் போதவில்லை. மிகேலுக்கு வைத்த விலை மிகுதி. ரொட்ரிகோவுக்கு வைத்தது குறைவு. ஆகவே அவ்வாண்டு ஆகஸ்டில் தம்பி விடுதலை பெற்றார். தம்பி வெறுங்கையோடு கப்பலேறிச் சென்றுவிடவில்லை. அண்ணனையும் அவர் தோழர்களையும் இரவில் ஏற்றிச் செல்ல ஒரு கப்பலை அனுப்புவது என்பது சகோதரர்களின் ஏற்பாடு. கப்பலும் வந்தது. ஆனால் குகையில் ஒளிந்திருந்தவர்களை ஒருவன் காட்டிக்கொடுத்துவிட்டான்.

1579 ஜூலை இறுதியில், அல்ஜியர்ஸ் செல்லவிருந்த திரித்துவச் சபைத் துறவியரிடம் லியோனோர் 250 டூக்கட்டும், ஆந்திரேயா 50 டூக்கட்டும் ஒப்படைத்தனர். அந்தப் பத்திரத்திலும் லியோனோர் கைம்பெண்ணே. இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? விண்ணப்பம் அதனைச் சீதனம் என்கிறது. ஆந்திரேயாவும் மக்தலேனாவும் மணமாகாதவர்கள். எனினும் இருவர் வாழ்விலும் ஆடவர்கள் வந்து சென்றனர். திருமணம் செய்துகொள்வதாக வாக்களித்துவிட்டுப் பின்வாங்கிய உயர்குடியினரிடமிருந்து பத்திரம் எழுதி வாங்கிய இழப்பீடுகளும், நன்றிக் கொடைகளும் அவர்களுடைய கைப்பொருள். ஆந்திரேயாவுக்குக் கொன்ஸ்தான்சா என்னும் மகளும் இருந்தாள். எழுதித் தரப்பட்ட தொகைகள் சரியாக வந்து சேர்ந்தனவும் அல்ல. இந்தச் செய்திகள் ஆவணங்களிலிருந்து வெளிவந்தபோது, செர்வாண்டிசைப் போற்றிய வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் சிலர் கூச்சமுற்றனர். சிலர் அப்பெண்களை இகழ்ந்தனர். கூச்சத்திற்கும் இகழ்ச்சிக்கும் இங்கே இடமில்லை. தம் வாழ்வு முறிந்ததற்கு ஈடாகக் கிடைத்த பணத்தை, எதிர்காலத்திற்கென வைத்துக்கொள்ள எல்லாக் காரணமும் உடைய பெண், சகோதரனின் விலங்கைக் கழற்றக் கொடுத்தாள். விண்ணப்பத்தில் உள்ள 'சீதனம்' என்ற சொல் சட்டப்படி முழு உண்மையாகாது போகலாம். அவர்கள் வறியரானார்கள் என்பதில் ஐயமில்லை.

1580 செப்டம்பர் 19. அல்ஜியர்சின் ஆளுநர் ஹசன் பாஷாவின் பதவிக்காலம் முடிந்து, அவர் கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் புறப்படும் நாள். செர்வாண்டிஸ் அவருடைய கப்பலில் விலங்கோடு ஏற்றப்பட்டிருந்தார். கப்பல் நகர்ந்திருந்தால் மீட்சிக்கு வழியே இருந்திராது. குடும்பம் கொடுத்த முந்நூறு டூக்கட் ஐந்நூறு எஸ்குடோவுக்குப் போதவில்லை. துறவி ஹுவான் கில், மீட்புக்கென வந்த அறக்கொடைப் பணத்தையும் அங்கிருந்த வணிகர்களிடம் திரட்டியதையும் சேர்த்துத் தொகையை நிறைவு செய்து அவரை இறக்கினார். ஐந்தாண்டு அடிமை வாழ்வு முடிந்தது. அவ்வாண்டு இறுதியில் அவர் ஸ்பெயின் மண்ணை மிதித்தபோது வயது முப்பத்து மூன்று, ஒரு கை பயனற்றது, வேலை இல்லை, வீட்டில் கடன் இருந்தது.

நாடு அவருக்கு என்ன செய்தது என்பதை விரைவில் சொல்லி முடித்துவிடலாம். 1590ஆம் ஆண்டு விண்ணப்பத்தில் அமெரிக்கக் குடியேற்றங்களில் காலியாக இருந்த நான்கு பதவிகளுள் ஒன்றைக் கேட்டார். இங்கேயே ஏதாவது தேடிக்கொள்ளட்டும் என்னும் பொருள்பட விண்ணப்பத்தின் மீதே குறிப்பெழுதித் திருப்பிவிட்டனர். அப்போது அவர் ஆண்டலூசியாவில் அரசின் கடற்படைக்காகக் கோதுமையும் எண்ணெயும் திரட்டும் பணியாளர். அதில் கணக்குச் சிக்கல்கள் எழுந்தன. 1597இல் செவில் சிறைக்கும் போக நேர்ந்தது. கடனுக்காகச் சிறை சென்ற தந்தையின் மகன் கணக்குக்காகச் சிறை சென்றார்.

குடும்ப வாழ்வில் அவரைக் குறையற்றவராகக் காட்ட வேண்டியதில்லை. 1584 டிசம்பரில் எஸ்கிவியாஸ் என்னும் சிற்றூரில் கத்தலினா தெ சலசார் என்னும் பத்தொன்பது வயதுப் பெண்ணை மணந்தார். அவ்வாண்டிலேயே, மதுக்கடைக்காரர் ஒருவரின் மனைவியான அனா ஃபிராங்கா என்பவரிடம் அவருக்கு இசபெல் என்னும் மகள் பிறந்திருந்தாள். மணமான சில ஆண்டுகளிலேயே மனைவியை ஊரில் விட்டுவிட்டு அவர் ஆண்டலூசியப் பாதைகளில் அலைந்தார். 1598இல் அனா இறந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எழுதப்பட்ட ஒப்பந்தம் ஒன்று, அநாதையான இசபெலை மக்தலேனா தம் வீட்டுப் பணிப்பெண்ணாக ஏற்பதாகவும், இரண்டாண்டுகள் உணவும் படுக்கையும் அளித்துத் தையல் கற்பிப்பதாகவும் கூறுகிறது. பத்திரத்தின் மொழியில் அது வேலைக்கமர்த்தல். உண்மையில் அத்தை அண்ணன் மகளை வீட்டுக்கு அழைத்துக்கொண்டாள். வெளியில் சொல்ல முடியாத உறவுக்குச் சொல்லத்தக்க பெயரொன்றைக் கண்டுபிடிப்பதில் அக்குடும்பத்துப் பெண்கள் தேர்ந்தவர்களாகவே இருந்தனர்.

அதற்கடுத்த ஆண்டு, 1600 ஜூலை 2 அன்று, தம்பி ரொட்ரிகோ பிளாண்டர்ஸ் நாட்டில் நியூபோர்ட் போரில் கொல்லப்பட்டார். அசோர்ஸ் தீவுப் போரில் வீரம் காட்டிக் கொடிதாங்கும் அதிகாரியாக உயர்ந்தவர் அவர். சகோதரிகளின் பணத்தால் மீட்கப்பட்ட இருவரில் ஒருவரைப் போர் மீண்டும் எடுத்துக்கொண்டது.

1603ஆம் ஆண்டளவில் குடும்பம் அன்றைய தலைநகரான வல்லதோலித்தில் ஒன்றுசேர்ந்தது. ஆந்திரேயா, அவர் மகள் கொன்ஸ்தான்சா, மக்தலேனா, இசபெல், மனைவி கத்தலினா ஆகியோரோடு செர்வாண்டிஸ். ஆந்திரேயா பிரபுக்களின் வீட்டுக்கு ஆடை தைத்துக் கொடுத்தார். 1605 தொடக்கத்தில் 'டான் குவிக்சாட்' முதற்பாகம் மாட்ரிட்டில் அச்சேறி வெளிவந்து, எங்கும் பேசப்பட்டது. அவ்வாண்டு ஜூன் 27 இரவு, அவர்கள் குடியிருந்த வீட்டின் அருகே காஸ்பர் தெ எஸ்பெலெத்தா என்னும் வீரப்பெருமகன் வெட்டுண்டு விழுந்தார். அண்டைக் குடியிருப்புக்கு அவரைத் தூக்கி வந்தனர். இரண்டு நாள் அவருக்கருகில் இருந்து பணிவிடை செய்தவர் மக்தலேனா. இறக்கும் முன் அவர் மக்தலேனாவுக்கு ஒரு பட்டாடை எழுதிவைத்தார். நீதிபதியோ உண்மைக் குற்றவாளியைத் தேடுவதை விட்டு, அந்த வீட்டுப் பெண்களின் ஒழுக்கத்தைப் பற்றி அயலார் சொன்னவற்றைக் கேட்டுக்கொண்டு செர்வாண்டிசையும் ஆந்திரேயாவையும் கொன்ஸ்தான்சாவையும் இசபெலையும் சிறையில் அடைத்தார். சில நாட்களில் விடுவித்தனர். அந்த விசாரணையில் சகோதரரைப் பற்றிக் கேட்டபோது, அவர் எழுதுபவர், வணிகக் காரியங்களைப் பார்ப்பவர், திறமையால் நண்பர்களைப் பெற்றவர் என்று ஆந்திரேயா விடை கூறினார். உலக நாவலின் முன்னோடியைப் பற்றி அவர் வீட்டார் கூறிய அறிமுகமாக எஞ்சியிருப்பது இதுதான். இதில் பெருமையும் இருக்கிறது, மறைப்பும் இருக்கிறது.

அந்த நாவலின் முதற்பாகத்தில், அல்ஜியர்சிலிருந்து மீண்ட கைதி ஒருவன் தன் கதையைச் சொல்லும் அத்தியாயங்கள் உள்ளன. சவேத்ரா என்னும் ஸ்பானிய வீரனைப் பற்றி அவன் வியந்து குறிப்பிடுவது, செர்வாண்டிஸ் தம்மையே கதைக்குள் நிறுத்திய இடம் என்பர். அதைவிடக் கூர்ந்து நோக்கத்தக்கவை வேறு இரண்டு. கதையில் கைதியின் மீட்புப் பணம் ஒரு பெண்ணின் கையிலிருந்தே வருகிறது. சொரைதா என்னும் அல்ஜியர்சு மங்கை, சாளரத்திலிருந்து நாணல் கோலில் பொன்முடிப்பைக் கட்டி இறக்குகிறாள். பிறகு சத்திரத்தில், உயர்ந்த நீதிபதியாகிவிட்ட தம்பி எதிர்ப்படும்போது, வறியவனாக வந்து நிற்கும் தன்னை அவன் ஏற்பானோ நாணுவானோ எனக் கைதி தயங்கி மறைந்து நிற்கிறான். பாதிரியார் ஒருவர் கதைபோல் சொல்லிச் சோதிக்கிறார், தம்பி கண்ணீர் விடுகிறார், சகோதரர் தழுவிக்கொள்கின்றனர். 1580இல் மாட்ரிட் வீட்டு வாசலில் நின்றவரின் தயக்கம் இக்காட்சியில் இல்லையெனச் சொல்ல இயலாது.

1606க்குப் பின் குடும்பம் மாட்ரிட் திரும்பியது. 1609 அக்டோபரில் ஆந்திரேயா இறந்தார். அடக்கச் செலவைச் செர்வாண்டிஸ் ஏற்றார். மக்தலேனா தம் இறுதி ஆவணத்தில், தம்மை அடக்கம் செய்யக்கூடப் பொருள் இல்லையெனக் குறிப்பிட்டார். 1611 ஜனவரியில் இறந்தபோது அவரைப் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையினர் தம் செலவில் அடக்கம் செய்தனர். இருபது ஆண்டுகளுக்கு முன் மன்னருக்கு அண்ணன் எழுதிய வாக்கியம் அவ்வாறு மெய்யாயிற்று. மகள் இசபெலோடு சீதனமும் வீடும் பற்றிய வழக்குகள் எழுந்து, அந்த உறவு மட்டும் கசந்தது.

1614இல் அவெல்லனேதா என்னும் புனைபெயரில் ஒருவர் போலி இரண்டாம் பாகம் ஒன்றை வெளியிட்டு, அதன் முன்னுரையில் செர்வாண்டிசைக் கிழவர் என்றும் கையிழந்தவர் என்றும் இகழ்ந்தார். அடுத்த ஆண்டு தம் உண்மையான இரண்டாம் பாகத்தின் முன்னுரையில் செர்வாண்டிஸ் தந்த விடையில் சினம் உண்டு, நாணம் இல்லை. அப்புண் மதுக்கடைச் சண்டையில் பட்டதன்று என்பதை அவர் நினைவூட்டினார். விழுப்புண்ணின் பொருள் அறிந்தவருக்கு அவ்விடை புதிதாகத் தோன்றாது.

1616 ஏப்ரல் 22 அன்று அவர் இறந்தார். அவருடைய விலங்கைக் கழற்றிய திரித்துவச் சபையின் மாட்ரிட் கன்னியர் மடத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். கடைசி நூலாகிய 'பெர்சிலெஸ்' 1617இல் மனைவி கத்தலினாவின் முயற்சியால் வெளிவந்தது. 1626இல் அவரும் அதே மடத்தில் அடக்கமானார்.

மடம் பின்னர் புதுப்பித்துக் கட்டப்பட்டதில் கல்லறை இருந்த இடம் மறைந்துபோயிற்று. 2014இல் தேடுதல் தொடங்கியது. தடயவியலார், குண்டு பாய்ந்த மார்பெலும்பையும் சூம்பிய இடக்கை எலும்பையும் அடையாளமாகக் கொண்டு தேடினர். 2015 மார்ச்சில், நிலவறையில் பலருடைய எலும்புகளோடு கலந்து கிடந்த சிதைவுகளில் அவருடையவையும் கத்தலினாவினுடையவையும் இருக்கக்கூடும் என அறிவித்தனர். ஜூனில் அவை மீண்டும் அதே மடத்தின் கோவிலில் அடக்கம் செய்யப்பட்டன. எவை அவருடையவை என்று பிரித்துக் காட்ட இயலவில்லை. மரபணுச் சோதனைக்கு உடன்பிறந்தார் ஒருவரின் எலும்பு வேண்டும். ரொட்ரிகோ பிளாண்டர்ஸ் மண்ணில் வீழ்ந்தவர். இருக்குமிடம் தெரிந்தவர் லூயிசா ஒருவரே. இளமையில் மடம் புகுந்த அந்தத் தமக்கையின் எலும்புகள் அல்காலாவில், உடன் வாழ்ந்த கன்னியரின் எலும்புகளோடு ஒரே குழியில் கலந்து கிடக்கின்றன.